வளவுக் குளத் தொழிலும் நீர்ச் சட்டங்களும்

நெற்செய்கையும் தோட்டச் செய்கையும் செய்யும் குடும்பங்கள் பல, அண்மை ஆண்டுகளில் வளவுக் குளத் தொழிலை ஓர் உபதொழிலாக மேற்கொண்டுள்ளன. முற்றத்திற் சிமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்ப்போர் உளர். தாமரை, அல்லி முதலிய நீர்த்தாவரங்களைச் சட்டிகளிற் பெருக்கி விற்போர் உளர். பிறர் வளவுகளிற் குளம் வெட்டிக் கட்டி, நீர் நிரப்பி, மீனும் செடியும் இட்டுக் கொடுப்பதையே முழுத்தொழிலாகக் கொண்ட இளைஞரும் உளர். சிறிய இடத்தில், குறைந்த முதலுடன், வீட்டிலிருந்தவாறே பெண்களும் செய்யத்தக்க தொழில் இது. சிறுபோகத்திற்கு நீர் கிடையாத ஆண்டுகளிற் குடும்பச் செலவுக்குக் கைகொடுப்பதும் இதுவே. ஆகவே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம் இத்தொழிலைக் குறை கூறுவதன்று.

எனினும் வளவுக் குளம் வளவோடு முடிந்துவிடுவதில்லை. தொட்டியைக் கழுவிய நீர் தெருக்கானுக்குச் செல்கின்றது. கானிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் செல்கின்றது. குளத்தின் அடியிற் கசிந்த நீர் அயலவரின் கிணற்றுக்குச் செல்கின்றது. மிகுந்துபோன செடியும் மீனும் ஊர்க் குளத்தைச் சேர்கின்றன. குளம் கட்டுவித்த வீட்டுக்காரர் இவற்றையெல்லாம் அறியார். அவர் அழகை விரும்பிப் பணம் கொடுத்தவர். அறிந்தவர் யாரெனில், குளத்தைக் கட்டியவரும் செடியையும் மீனையும் விற்றவருமே. அறிந்தவர் மீதே பொறுப்பும் சார்கின்றது. சட்டங்கள் சில இப்பொறுப்பை வற்புறுத்துகின்றன. சட்டம் எட்டாத இடங்களும் பல உள. அவ்விடங்களிற் தொழில் செய்வோரின் மனச்சாட்சியே காவல்.

அழகுக்காக வந்த களைகள்

ஆகாயத்தாமரை என்றும், மட்டக்களப்புப் பகுதியில் ஆற்றுவாழை என்றும் வழங்கும் நீர்க்களையை அறியாத கமக்காரர் இலர். ஊதா நிறப் பூவும், காற்றடைத்தாற் போன்ற வீங்கிய இலைக்காம்பும் உடைய இச்செடி தென்னமெரிக்காவுக்கு உரியது. இது நம் நாட்டிற்கு விதைநெல்லிற் கலந்து வந்ததன்று; கடலில் மிதந்து வந்ததுமன்று. 1904ஆம் ஆண்டளவில், பூவின் அழகு கருதித் தோட்டத்திலே வளர்க்கவென்று கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது தோட்டங்களைக் கடந்து நீர்நிலைகளிற் பரவியமையால், 1909ஆம் ஆண்டில் அதனைத் தடுப்பதற்கெனவே தனியொரு கட்டளைச்சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரு செடியின் பெயரிலேயே ஒரு சட்டம் எழுந்ததென்றால் அச்செடி விளைத்த தொல்லை எத்தகையதென உய்த்துணரலாம். சட்டம் இயற்றி நூறாண்டுகளுக்கு மேலாயின. செடி இன்னும் நம் குளங்களில் இருக்கின்றது.

காரணம் அதன் பெருக்கமே. நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் வாய்க்குமாயின், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இது இருமடங்காகும். அக்கணக்கின்படி ஒரு செடி இருபது வாரத்தில் ஆயிரத்துக்கு மேற்படும். அதாவது பெரும்போகத்தில் விதைக்கும் நாளில் வாய்க்காலில் விழுந்த ஒற்றைச் செடி, அறுவடைக்கு முன் வாய்க்காலையே மூடிவிட வல்லது. ஓடுதண்டால் மட்டுமன்றி விதையாலும் இது பெருகும். சேற்றிற் புதைந்த விதை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் முளைக்குந் திறனை இழப்பதில்லை. ஆகவே, ஒருமுறை பூத்துக் காய்த்த இடத்தில் அடுத்த தலைமுறைக்கும் வேலை வைக்கப்பட்டதென்றே கொள்ளவேண்டும்.

சல்வீனியாவின் வரலாறு இன்னும் கவனிக்கத்தக்கது. நீரில் மிதக்கும் இப்பன்னம் 1939ஆம் ஆண்டிற் கொழும்பிலே தாவரவியல் கற்பித்தலின் பொருட்டு மாதிரியாகக் கொண்டுவரப்பட்டது. இதற்கு விதையில்லை, முளைக்கத்தக்க வித்தியும் இல்லை. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடியாவதே இதன் பெருக்கம். விதையற்ற செடியால் என்ன தீங்கு நேரும் என எவரும் எண்ணக்கூடும். ஆயின், பதினைந்து ஆண்டுகளுக்குள் தென்மேற்குப் பகுதியின் வயல்களிற் பல்லாயிரம் ஏக்கரில் இது பரவிற்று. வலித்தெடுக்கும்போது ஒடிந்த துண்டுகளே மீண்டும் பரவின. கமக்காரரின் உழைப்பே களைக்குத் துணையாயிற்று. பின்னர் 1986ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டைத் தாயகமாக உடைய சிறு கூன்வண்டொன்று அவுஸ்திரேலியாவின் உதவியோடு பெறப்பட்டு இங்கே விடப்பட்டது. அவ்வண்டு சல்வீனியாவின் குருத்தையும் தண்டையும் தின்று பல நீர்நிலைகளில் அதனை ஒடுக்கிற்று. சல்வீனியாவைத் தின்பதற்கு வண்டு இருக்கின்றதே என்று துணிந்து, அச்செடியைச் சட்டியில் வைத்து விற்போரும் உளர். வண்டு செடியை முற்றாக அழிப்பதில்லை. செடி மிகுந்தபின் அதனைக் குறைப்பதே அதன் இயல்பு. அதற்கிடையில் ஒரு போகம் கழிந்துவிடும்.

இக்களைகளால் வரும் நட்டம் யாரைச் சாருகின்றதென்பதையும் நோக்குக. துருசின் வாயில் களை அடைத்தால் முதலில் நீர் குறைவது வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள வயலுக்கே. தலைப்பில் உள்ளவருக்கு அது தெரியாது. செடியை விற்றவர் நகரத்தில் இருப்பார். வீசியவர் மேட்டுக்காணியில் இருப்பார். பயிர் வாடுவது இருவரையும் அறியாத ஒருவருடையது. மிதக்கும் களை வயலுக்குட் புகுந்தால் இளநாற்றை அமுக்கிவிடும். இட்ட பசளையில் ஒரு பங்கையும் தானே உண்ணும்.

வளவிலிருந்து வாய்க்காலுக்கு இவை செல்லும் வழி மிகச் சாதாரணமானது. குளத்தைத் துப்புரவாக்கும் நாளில் மிகுந்த செடியை ஒரு கூடையில் அள்ளி வேலிக்கு அப்பாற் கொட்டிவிடுகின்றனர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. வேலை முடிந்த களைப்பே காரணம். மாரி மழையின் முதல் வெள்ளம் அதனை எடுத்துச் செல்கின்றது. ஆதலின், நீர்த்தாவரம் விற்போர் ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் பெருக்குதலும் விற்றலும் இலவசமாகக் கொடுத்தலும் முற்றாக ஒழித்தல் வேண்டும். வெளிநாட்டுச் செடிகளை உரிய அனுமதியின்றிக் கொண்டுவருதல் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது. பயணப் பெட்டியின் மூலையில் ஈரத்துணியிற் சுற்றிக் கொண்டுவரும் ஒரு கிளைத்துண்டுக்கும் அச்சட்டம் பொருந்தும். பெயர் தெரியாத செடியை வாங்கிப் பெருக்குதலும் ஆகாது. பெயர் தெரியாவிடின் அதன் குணமும் தெரியாதென்பதே கருத்து.

குளத்திலிருந்து களைந்த எச்செடியையும், எவ்வளவு நல்ல செடியாயினும், வெயில் விழும் மேட்டு நிலத்திலோ சிமெந்துத் தரையிலோ பரப்பி, கையால் நொறுக்கத்தக்கவாறு காயவிடுதல் வேண்டும். அதன்பின் கூட்டெருக் குழியில் இடலாம், நல்ல எருவாகும். பச்சையாகக் குவித்து வைத்தால் குவியலின் நடுவில் உள்ளவை வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பூத்த ஆகாயத்தாமரையை எருக்குழியில் இடாது எரித்துவிடுவதே நன்று.

மரக்கறிச் செய்கையாளர் தனியே அறியவேண்டியது ஒன்றுண்டு. பொன்னாங்காணியைப் போன்ற தோற்றமுடைய வேறொரு செடி நம் நாட்டில் நீர்க்கரைகளிலும் ஈரத் தோட்டங்களிலும் காணப்படுகின்றது. கீரையென நம்பி இதனை நடுவோரும், குளக்கரை அழகுக்கென விற்போரும் உண்டு. நீரிலும் நிலத்திலும் ஒருங்கே வளர்ந்து, வேரின் சிறு துண்டிலிருந்தும் முளைப்பதால் இதனை ஒழித்தல் பெரும்பாடு. அடையாளம் எளிது. பொன்னாங்காணியின் வெண்பூங்கொத்து இலைக்கணுவில் காம்பின்றி ஒட்டியிருக்கும். மற்றதன் பூங்கொத்து நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். அதன் முற்றிய தண்டை ஒடித்தால் உள்ளே துளையிருக்கும்.

குளம் வெட்டும் இடம்

பெரிய அளவில் மீன் வளர்க்க விரும்புவோர் சிலர் வயற்காணியின் ஒரு மூலையைக் குளமாக்க எண்ணுகின்றனர். தாழ்ந்த நிலம், நீர் தங்கும், வெட்டும் கூலியும் குறைவு என்பன அவர் கூறும் நியாயங்கள். குளம் வெட்டும் ஒப்பந்தக்காரரும் "சொந்தக் காணிதானே" என்று சொல்லி இயந்திரத்தை இறக்கிவிடுகின்றனர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, வயற்காணியை நிரப்புதலும் அதிலிருந்து மண்ணை அகற்றுதலும், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றிச் செய்யத்தகாதவை. காணி உறுதி ஒருவர் பெயரில் இருப்பதால் இவ்விதி நீங்கிவிடாது. அனுமதிக்கான வழியைக் கமநல சேவை நிலையத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். வெட்டிய பின் கேட்பதில் பயனில்லை. கீழ்மண் மேலே வந்த வயலை மீண்டும் வயலாக்குதற்குப் பல போகங்கள் செல்லும்.

குளக்கட்டின் அருகிலும் வாய்க்காலின் இருமருங்கிலும் உள்ள ஒதுக்குநிலம் எவருடைய வளவுமன்று. அதில் வேலியை நகர்த்தித் தொட்டி கட்டுதல் வழக்குக்கு இடமாகும். கட்டின் அடியைத் தோண்டினால் ஊருக்கே ஆபத்தாகும்.

வாய்க்கால் நீரை வளவுக் குளத்திற்கு எடுத்தல் பற்றியும் கூறவேண்டும். நீர்ப்பாசனத் திட்டமொன்றின் நீர் எந்நாளில், எவ்வளவு, எக்காணிக்கு என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகின்றது. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் அம்முறைக்கு வலுவளிக்கின்றது. அனுமதியின்றி நீரை எடுத்தலும், வாய்க்காலை மறித்தலும், அதன் கரையை வெட்டுதலும் குற்றங்களாகும். இரவில் ஒரு மணி நேரம் இயந்திரம் பூட்டித் தொட்டியை நிரப்புவதை அற்பமென எண்ணுவோர் உளர். அந்த ஒரு மணி நேரம் அயலவரின் முறையிலிருந்து எடுக்கப்பட்டதென்பதை வட்டவிதானை நன்கறிவார்.

கிணற்றுக்குச் செல்லும் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விடயம் மிக நுட்பமானது. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களினூடே இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு ஓர் அடி மேலே நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுதலையும் உண்மையே. அளவுக்கு மிஞ்சி இறைத்து மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கிற் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலேறும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

நம் முன்னோர் தெருவோரங்களிற் கேணியும் துரவும் அமைத்து, அருகே ஆவுரஞ்சிக் கல்லும் நாட்டினர். அவை மாரி நீரை வாங்கி நிலத்துக்குக் கொடுத்தன. இன்றைய வளவுக் குளமோ பெரும்பாலும் கிணற்றிலிருந்து வாங்கி வெயிலுக்குக் கொடுக்கின்றது. 3 மீற்றர் நீளமும், 2 மீற்றர் அகலமும், 60 சென்ரிமீற்றர் ஆழமும் உடைய குளம் 3,600 லீற்றர் நீர் கொள்ளும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகுமென்று கொண்டால், தினம் 30 லீற்றரும் மாதம் 900 லீற்றரும் இழக்கப்படும். ஒரு குளத்துக்கு இது பெரிதன்று. அடியிற் கசிவிருந்தாலோ இக்கணக்கு நில்லாது. சுண்ணாம்புக் கற்பூமியில் ஒழுங்காகப் பூசப்படாத குளம் இரவிலேயே வற்றிவிடும், வீட்டுக்காரரும் காலைதோறும் மின்மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொண்டிருப்பார். கட்டுபவர் குளத்தை நிரப்பி மூன்று நாள் நிறுத்தி, மட்டத்தை அளந்து காட்டிய பின்னரே கூலியின் கடைசிப் பங்கைப் பெறுதல் முறை. நாளுக்கு ஓர் அங்குலம் இறங்குமாயின் அது ஆவியாதலன்று, கசிவே.

இறங்கும் நீரிற் கலந்திருப்பது யாது என்பதே இனி வினா. மீன் நோயுறும்போது நீரில் உப்பிடுதல் நெடுங்கால வழக்கம். லீற்றருக்கு 3 கிராம் வரை இடுவர். மேற்கூறிய குளம் முழுவதற்கும் அவ்வாறு இட்டால் 10 கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும். நோய் தீர்ந்தபின் அந்நீரைத் திறந்துவிட்டால் அத்தனை உப்பும் கிணறிருக்கும் நிலத்தில் இறங்கும். வெங்காயமும் போஞ்சியும் உவர்ப்பைத் தாங்காத பயிர்கள். அந்நீரில் அவை கருகிவிடும். இதற்கு மாற்று மிக எளிது. நோயுற்ற மீனை மட்டும் 50 லீற்றர் கொள்ளும் தனிவாளியில் இட்டு மருந்து செய்தால் 150 கிராம் உப்பே போதும். மீனுக்கும் அதுவே நலம். குளத்தில் உள்ள செடியும் பிழைக்கும்.

சாய மருந்துகளையும், மரக்கறிக்கு வைத்திருக்கும் பூச்சிநாசினியையும் குளத்திற் கலந்து மீன்பேனைக் கொல்வோர் உளர். பின்னது பெரும் பிழை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட மருந்து, அதன் சுட்டுத்துண்டிற் கூறிய பயிருக்கும் பீடைக்கும் மட்டுமே உரியது. நீரிற் கலந்த நஞ்சை மீண்டும் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

மருந்தும் உப்பும் கலவாத குளத்துநீர் மாறாகப் பயனுள்ளது. மீனின் கழிவில் நைதரசன் உண்டு. அந்நீரைக் கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளுக்குச் சிறிது சிறிதாகப் பரவலாகப் பாய்ச்சினால் பயிர் அதனை எடுத்துக்கொள்ளும். அதே நீரைக் கிணற்றருகே ஒரு குழியில் வாரந்தோறும் ஊற்றினால் அந்நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் குடிநீருக்குரிய எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஏற்கெனவே கடந்துள்ளது. பசளையும் மலக்குழியும் அதற்கு முதற்காரணங்கள். குளத்துநீரையும் அவற்றோடு சேர்த்தல் அறிவுடைமையன்று.

ஓரிடத்திற் கொட்டியது பலர் கிணற்றிற் தோன்றும் என்பதற்குச் சுன்னாகம் நாடறிந்த சான்று. அங்கே மின் உற்பத்தி நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அயலவருக்கு ஏற்பட்ட நட்டத்திற்காக இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்தைப் பணித்தது. நீரை மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு அதிற் தெளிவாக நிலைநாட்டப்பட்டது. பெரிய நிறுவனமொன்றின் எண்ணெயும் ஒரு வளவின் உப்புநீரும் அளவில் ஒப்பல்ல. ஆயினும், அவை இறங்கும் வெடிப்பு ஒன்றே.

நுளம்பு

மீன் உள்ள குளத்தில் நுளம்பு பெருகுவது அரிது. பெருகுவது மீன் செத்தபின் கவனிப்பாரற்றுக் கிடக்கும் குளத்தில். மடிந்து கிடக்கும் பொலித்தீன் விரிப்பில். விற்பனைக்கென அடுக்கி வைத்த வெறுஞ் சட்டிகளில். கட்டி முடியாத தொட்டியின் அடிநீரில். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதற் பத்து நாட்கள் போதும். ஆதலின், வாரத்துக்கு ஒருமுறை எல்லாச் சட்டிகளையும் கவிழ்த்துத் தேய்த்தல் அவசியம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டம், தம் வளவில் நுளம்பு பெருகாது காக்கும் கடமையைக் காணிச் சொந்தக்காரர் மீதும் குடியிருப்போர் மீதும் வைத்துள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது "இது விற்பனைச் சட்டி" என்று கூறுதல் விடையாகாது.

நம் நாடு மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. அவ்வாண்டு முடியுமுன்னரே, மலேரியாவைப் பரப்பவல்ல புதியதோர் அனோபிலிஸ் நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய மலேரியா நுளம்பு வற்றிய ஆற்றுப் பள்ளங்களை நாடியது. இதுவோ கிணற்றையும் சிமெந்துத் தொட்டியையும் விரும்புவது. வளவுக் குளம் கட்டுவோர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மிதக்குஞ் செடிகளின் வேரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்தே காற்றைப் பெறும் நுளம்புக் குடம்பிகளும் உண்டு. அவை மேற்பரப்புக்கு வருவதில்லை. மீனுக்கும் எளிதில் அகப்படா. மிதக்குஞ் செடியைக் குளத்தில் அடர விடாமைக்கு இது மற்றொரு காரணம்.

மீன்கள்

வர்த்தக நோக்குடன் நீர்வாழ் உயிரினம் வளர்ப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் அளவிலான தொழிலுக்கு உரிமம் வேண்டுமா என்பதைத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் பிரதேச அலுவலரிடம் தொழிலைத் தொடங்குமுன் கேட்டறிக.

விற்பனையில் மிக்க கவனம் வேண்டியது, தொட்டி துப்புரவு செய்யும் மீன் எனப்படும் கருநிறச் செதில் மீன். விரலளவில் வாங்கப்படும் இது ஒரு முழம் வரை வளரும். வளர்ந்தபின் தொட்டி கொள்ளாது; கொல்லவும் மனம் வராது; ஊர்க் குளத்தில் விடப்படும். அங்கே முட்டையிடுவதற்குக் கரையைக் குடைந்து வளை செய்வது அதன் இயல்பு. குளக்கட்டில் வளை விழுந்தால் அடுத்த மாரியில் என்ன நேரும் என்பதைக் கமக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. முட்கள் வலையைக் கிழிப்பதால் நன்னீர் மீனவருக்கும் இது பகையே. வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று வாக்களிக்க இயலாதவர் இதனை விற்காதிருத்தல் நன்று.

நுளம்புக்காகக் கப்பி மீனை எங்கும் விடுதல் வழக்கமாகியுள்ளது. அடைத்த தொட்டிக்குள் அது பொருந்தும். ஓடைக்கும் குளத்துக்கும் அதனை விடுதல் வேண்டாம். தலையின் மேல் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்திலேயே திரியும் நம் நாட்டுச் சிறுமீனும் குடம்பியை நன்கு தின்னும்.

கட்டுவோரும் விற்போரும் செய்யத்தக்கவை

பொறுப்புடைய தொழிலாளி மண்வெட்டியை எடுக்குமுன் வீட்டுக்காரரிடம் மூன்று வினாக்களை வினவுவார். கிணறு எங்கே? மழைநீர் எப்பக்கம் ஓடும்? குளத்தை வெறுமையாக்கும் நாளில் அந்நீர் எங்கே செல்லும்? மூன்றாவதற்கு விடையில்லாத வளவில் விடை கிடைக்கும் வரை குளம் கட்டற்க. வாழையோ தென்னையோ நிற்கும் பாத்திக்கு ஒரு குழாய் வைத்தாலே பெரும்பாலான வளவுகளில் விடை கிடைத்துவிடும். குளத்தின் விளிம்பு சூழவுள்ள நிலத்திலும் அரை அடி உயர்ந்திருந்தால் வெள்ளத்தில் மீனும் செடியும் வெளியேறா.

சிறு பிள்ளைகள் உள்ள வளவில் இரண்டடி நீரும் ஆபத்தானதே. தடுப்பு வேலியோ இறுக்கமான கம்பிவலையோ இல்லாத குளத்தை முடிந்த வேலையாக ஒப்படைத்தல் ஆகாது. நீரில் இயங்கும் மின்மோட்டாருக்குரிய இணைப்பை, மின்கசிவு நேர்ந்தவுடன் தானே நின்றுவிடும் ஆளியோடு, தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டு செய்விக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கிற் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். செலவு கூடுமென அஞ்சி மறைப்பவருக்கு ஒரு வேலை கிடைக்கலாம். ஆனால் அவ்வூரில் அடுத்த வேலை கிடைப்பது அரிது.

விற்ற செடியினதும் மீனினதும் பெயர், அவை வளரக்கூடிய அளவு, மிகுந்தால் என் செய்வது, நோய்க்கு மருந்து எவ்வாறு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் சிறந்த வழக்கம். நல்ல விதைநெல் விற்பவர் இனத்தின் பெயரையும் வயதையும் சொல்லாது விற்பதில்லை. இத்தொழிலுக்கும் அவ்வளவு ஒழுங்கு வேண்டும்.

ஐயத்திற்கிடமான நீர்க்களையை வளவிலோ வாய்க்காலிலோ காண்போர் அதனை வேரோடும் பூவோடும் எடுத்து, நீர் சொட்டாதபடி மூடிய பொலித்தீன் பையில் இட்டு, கண்ட இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி, அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ ஒப்படைக்கலாம். வரும் வழியிற் பையை வாய்க்காலிற் கழுவுதல் கூடாது.